நாரியல் டிக்ரியில் பஸ் தங்கும் வீடு

என் அருமை மச்சான் ஜமாலுக்கு,

நல்லா இருக்கியா என்று ஆரம்பித்தால்தான் எனக்கு எழுத வரும். நீ போயிருக்கிற இடத்தில் அதற்கு என்ன பதில் சொல்வார்களோ தெரியாது. கேட்டுவிட்டேன், விடு. இங்கே நாங்கள் நலம். மல்லிகாவுக்குச் சர்க்கரை ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. கோபம் ஏறினால் மட்டும் இறங்குவதில்லை. அது உனக்கே தெரியும்.

முதல் செய்தி, நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். கடைசி டிரிப் திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேர். பாராடாங்கில் வண்டியைப் படகில் ஏற்றி நிறுத்தியபோது படகுக்காரர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். டிப்போவில் சால்வை போர்த்தினார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளிச் சால்வை! நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பாய்.

இரண்டாவது செய்திக்காகத்தான் இந்தக் கடிதம். ரங்கத் டிப்போ குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அடுத்த டிரைவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஆனால் நாங்கள் எங்கே போவது? இத்தனை வருஷம் அவரவர் ஊரில் ஆட்களை இறக்கிவிட்டவன், எனக்கு எந்த ஊர் என்று யோசிக்கவே இல்லை.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் உனக்குத் தபாலில் சேராத கடிதம் இது, மற்றவர்கள்தான் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ போர்ட் பிளேரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகன். கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டவன். நான் இலங்கை மலையிலிருந்து வந்து கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. நம் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டார்கள். ரங்கத்தில் இருந்து நாரியல் டிக்ரிக்குப் போகும் நைட் ஹால்ட் வண்டி. சாயங்காலம் கடற்கரை ஊருக்குப் போய், ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வர வேண்டும். யாருமே கேட்டு வாங்காத டூட்டி. வண்டிக்குள்ளேயே படுக்கை. கொசு போதாதென்று மணல் ஈ வேறு பிடுங்கும்.

நான் எக்ஸ்பிரஸ் கிடைத்தால் போதும் என்று தப்பித்து ஓடினேன். நீ அதே ஊரில் இடம் பார்த்து வீடு கட்டினாய். கட்டும்போதே முன்ரூமுக்குத் தனிக் கதவு வைத்தாய், உன்னோடு வரும் டிரைவர் படுக்க. நீ ரிட்டயர் ஆன பிறகும் வருகிற டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அதுதான் படுக்கை. சபீனா தங்கச்சி கையால் மீன் குழம்பும் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாய், "டவுன்ல என்னடா வச்சிருக்க? வா மச்சான் டிக்ரிக்கு. பக்கத்து மனை காலியா இருக்கு." நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டேன். அந்த மனையில் இப்போது யாரோ பாக்குக் கன்று வைத்திருக்கிறார்கள்.

குவார்ட்டர்ஸ் சமாசாரம் சபீனா காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. கணவன் போனால் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அவள் போர்ட் பிளேரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், அதுவும் உனக்குச் சொல்ல வேண்டிய செய்திதான். அங்கிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, பூட்டிப் போட்டா வீட்டைக் கரையான் தின்னுடும். நீங்களும் மதினியும் போய் இருங்க. வாடகைன்னு வாயைத் திறந்தீங்க, போனை வச்சிடுவேன்." நான் வாயைத் திறந்தேன். வைத்துவிட்டாள்.

அதே வாரம் ரங்கத் பஜாரில் ஒரு மாடி போர்ஷன் அமைந்தது. கீழே மருந்துக் கடை, எதிரே காய்கறிச் சந்தை, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். முருகன் கோயில் மணி வீட்டுக்குள்ளேயே கேட்கும். வெயில் காலத்தில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், டிரம்மில் பிடித்து வைக்க வேண்டும். அது ரங்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

மல்லிகா மாடி என்றாள். போன வருஷம் அவளுக்கு மூச்சு அடைத்ததே, நினைவிருக்கிறதா? குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் அன்றைக்குப் பிழைத்தாள். "எனக்குக் கடலும் வேணாம், காத்தும் வேணாம். ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா போதும்" என்றாள். இதற்கு மேல் என்ன பேசுவது? சென்னையில் இருக்கிற மகனும் அம்மா பக்கம். எனக்கு டிக்ரி ஆசை. தரையோடு தரையாக ஒரு வீடு, வாசலில் இறங்கினால் மண், படகு கரைக்கு வந்ததும் மீன். ஆனால் நீ இல்லாத டிக்ரியில் போய் என்ன செய்வது என்று எனக்குள்ளும் ஓர் உதைப்பு இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பிடித்துக்கொள்வாள்.

"ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்போம். பிடிக்கலேன்னா மாடிதான்" என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். சாயங்கால வண்டியில் போனோம். டிரைவரும் கண்டக்டரும் புதுசு, என்னை யாரென்று தெரியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன். வழி நெடுக மல்லிகாவுக்கு ஒவ்வொரு வளைவையும் காட்டிக்கொண்டே வந்தேன். இங்கே ஒரு தடவை மரம் விழுந்தது, இங்கே ஒரு தடவை நாமும் விழுந்தோம் என்று. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

டிக்ரியில் இறங்கியதும் மல்லிகா மேலே கம்பித் தட்டில் இருந்த பையை எடுக்கப் போனாள். "அது கிடக்கட்டும். வண்டி எங்க போகப் போகுது? ராத்திரி இங்கதான் படுக்கும். முதல்ல கடலைப் பார்த்துட்டு வரலாம், அப்புறமா எடுத்துக்கலாம்" என்றேன். உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தானே செய்வார்கள். அரிசி மூட்டையைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து எடுத்துப் போவார்கள்.

கரைக்குப் போனோம். முதலை ஜாக்கிரதை என்ற போர்டைப் பார்த்ததும் மல்லிகா தண்ணீர்ப் பக்கமே வர மாட்டேன் என்று தென்னை அடியில் நின்றுவிட்டாள். "சுனாமி அன்னிக்கு இந்தக் கடல்தான் கட்சால்ல ஏறி வந்துச்சு" என்றாள். "அதான் ஜமால் மேட்டு மேல கட்டியிருக்கான். டிக்ரின்னாலே மேடுதானே" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டி வளைந்து, ரங்கத் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன், கத்தினேன், இந்த வயதில் கொஞ்ச தூரம் ஓடவும் செய்தேன். போய்விட்டது. மல்லிகாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாற்றுப்புடவை எல்லாம் அதற்குள்.

அதன் பிறகு அவள் பேசியதை எழுத மாட்டேன். நல்ல ஆட்களும் இதைப் படிப்பார்கள். "இந்த ரோட்டுல நீங்கதான் வண்டி ஓட்டுனீங்களாக்கும்" என்று முடித்தாள்.

உன் பக்கத்து வீட்டு சபிதா தீதிதான் எங்களைக் கூட்டிப் போய் உட்காரவைத்து டீ கொடுத்தாள். அவள் பெங்காலி வாயில் உன் வீட்டுத் தமிழும் நம் தீவு இந்தியும் கலந்து வரும், கேட்டிருக்கிறாய். "பஸ் அப் நஹி ருக்தா, தாதா. இப்ப நிக்கறது இல்ல. வரும், கூம்கே போயிடும்" என்றாள். நீ போனதும் சபீனா இத்தாவில் இருந்தாள் அல்லவா? இத்தா இருக்கிற வீட்டில் வெளி ஆண்கள் எப்படிப் படுப்பார்கள்? டிரைவரும் கண்டக்டரும் மரியாதை தெரிந்தவர்கள், அவர்களாகவே வண்டிக்குப் படுக்கை மாறினார்கள். கொஞ்ச நாள் சமாளித்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு படுக்க இடம் இல்லாத ஊரில் ஹால்ட் கிடையாது என்று டிப்போவில் எடுத்துவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆகி வீட்டில் குப்புறப் படுத்திருந்த நேரம். என் காதுக்கு எதுவும் வரவில்லை.

மருந்துக்காக சபிதா தீதி நாலு வீடு ஏறி இறங்கினாள். சர்க்கரை மாத்திரை ஒரு வீட்டில் இருந்தது, அதே மாத்திரைதான். பிரஷருக்கு இல்லை. தென்னை அடியில் நின்று சிக்னல் பிடித்து டிப்போவுக்குப் பேசினேன். பை பத்திரமாக இருக்கிறது, காலை வண்டியில் வரும் என்றார்கள். மல்லிகா தலை வலிக்கிறது என்று தீதி வீட்டிலேயே சுருண்டு படுத்தாள். அன்று நான் பயந்த மாதிரி, லாரி எதிரே வந்தபோதுகூடப் பயந்ததில்லை. மாடி போர்ஷனே போதும், கடலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று விடிவதற்குள் நூறு தடவை முடிவு பண்ணிவிட்டேன்.

நல்லபடியாக விடிந்தது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போனோம். மீன் கூடைகளோடு பெண்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் உருகித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி இப்போது ரங்கத்திலிருந்து கிளம்பி வர வேண்டும், நன்றாக வெயில் ஏறிய பிறகுதான் வருகிறது. இவர்கள் கூடையை இறக்கும்போது சந்தையில் பாதிப் பேர் மீன் வாங்கிப் போயிருப்பார்கள். ஹைஸ்கூல் பிள்ளைகள் முதல் பீரியடை மறந்தே விட்டார்கள். சபிதா தீதியின் மகளுக்கு இது எட்டாவது மாசம். ராத்திரி வலி எடுத்தால் என்ன செய்வது என்று அவளை ரங்கத்தில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் தினமும் போனில் அழுகிறதாம். மல்லிகா இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது, பையும் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பாதி வழியில் கேட்டாள், "ஏங்க, ஜமால் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு வண்டி இருந்துச்சுல்ல?"

இருந்தது என்றேன். உன் முன்ரூமில் படுத்திருந்த டிரைவர்தான் உன்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்து, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் ரங்கத் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து நிறுத்தினான். ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து கிளம்பி வந்து திரும்புவதற்குள் நீ இருந்திருக்க மாட்டாய் என்று டாக்டரே சொன்னார்.

"இருந்தும் போயிட்டாரே" என்றாள்.

"ரெண்டு நாள் இருந்தான்ல" என்றேன். அந்த இரண்டு நாளில்தானே உன் மகள் போர்ட் பிளேரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருமகனைப் பற்றி அவனுக்கு எதிரிலேயே கோள் சொன்னாய். மல்லிகாவிடம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு உப்பு கம்மி என்றாய். சபீனாவிடம் தனியாக என்ன பேசினாய் என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம், சீக்கிரம் ரிட்டயர் ஆகித் தொலை, என்றாய். வண்டி மட்டும் அன்றைக்கு அங்கே படுத்திருக்காவிட்டால் எங்கள் ஒருத்தருக்கும் இது எதுவும் கிடைத்திருக்காது.

பஸ்ஸில் எல்லாரும் பார்க்க நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மல்லிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ரங்கத் வந்ததும் நேரே அந்த மாடி போர்ஷனைப் பார்க்கப் போனோம். படியேறினாள். பாதியில் நின்றாள். இரும்புப் படி, செங்குத்தாக இருக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இறங்கி வந்ததும் சொன்னாள், "ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கறதுக்காக நான் தினம் மூச்சு வாங்கணுமா?"

இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருக்க நீதான் கற்றுக்கொடுத்தாய்.

"டிக்ரிக்கே போவோம். ஆனா வண்டி ராத்திரி அங்க நிக்கணும். நின்னாத்தான் வருவேன். முதல்ல டிப்போவுல போய்ப் பேசிட்டு வாங்க."

அந்தக் காலோடு டிப்போவுக்குப் போனேன். இன்சார்ஜ் ஒரு காலத்தில் என்னிடம் வண்டி பழகியவர், நாற்காலி போட்டார். "சின்னையா அண்ணே, ஹால்ட் போட எனக்கு என்ன கஷ்டம்? ஆளுங்க படுக்கறதுக்கு இடம் வேணும். இல்லாம அனுப்புனா சண்டைக்கு வருவானுங்க."

"இடம் இருக்கு."

"எங்க?"

"பழைய இடம்தான்."

"ஜமால் பாய் வீடா? அது பூட்டிக் கிடக்குதே. யாரு பார்த்துப்பா?"

"நானும் மல்லிகாவும்."

அவர் என்னையே பார்த்தார். "டவுனை விட்டுட்டா போறீங்க?" என்றார். பிறகு போனை எடுத்து அங்கேயே பேசினார். போன மாதத்திலிருந்து ஹால்ட் மறுபடி ஓடுகிறது. உன் கட்டில்களில் ஒன்றுக்குக் கால் ஆடியது, ஆப்பு வைத்துச் சரிசெய்தேன். கொசுவலை புதுசு. மல்லிகா டிரைவர் கண்டக்டரை வாசலிலேயே நிறுத்திச் சட்டம் போட்டுவிட்டாள். குடித்துவிட்டு வந்தால் பஸ்ஸில்தான் படுக்கை, என்ன சமைக்கிறேனோ அதுதான் சாப்பாடு, உப்பு கம்மி என்று யாரும் சொல்லக் கூடாது. கடைசிச் சட்டம் யாரை நினைத்துப் போட்டாள் என்று உனக்கே தெரியும்.

சபிதா தீதியின் மகள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும் என்கிறார்கள். டிரைவரிடம் ஜாடையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மீன்காரப் பெண்கள் முதல் வண்டியில் போகிறார்கள். எங்கள் வாசலில் காலையில் கேட்காமலேயே ரெண்டு மீன் கிடக்கிறது. மல்லிகா இன்னும் கடல் பக்கம் போவதில்லை. டவுன் ஞாபகம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமைகளில் முதல் வண்டி பிடித்து முருகன் கோயிலுக்குப் போய்விட்டுச் சாயங்கால வண்டியில் வருகிறாள். எனக்கு நீ இல்லாமல் இங்கே பொழுது போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம் மச்சான். நல்லதுதான் செய்தாய், ஆனால் எல்லாவற்றையும் உன் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாய். நீ கண்ணை மூடினதும் ஒரு ஊருக்கே பஸ் நின்றுபோனது. உனக்குப் பிறகு யார் என்று ஏன் ஒரு வார்த்தை யோசிக்கவில்லை? சாக மாட்டோம் என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், உன்னைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பஸ் நிற்கும் இடத்தருகே மேட்டில் ஊருக்குப் பொதுவாக ஓர் அறை எழுப்பப் போகிறோம். தேங்காய் வியாபாரி கூரைத் தகடு தருகிறார். மரமும் கைவேலையும் படகுக்காரர்கள் பொறுப்பு. சாப்பாடு வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாகிவிட்டது. மல்லிகா முறை வரும் நாளில் மட்டும் அந்த டிரைவர், கண்டக்டருக்காகக் கொஞ்சம் துவா செய்.

மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடும். நானும் ஒரு நாள் உன் பின்னாலேயே வரத்தான் போகிறேன். உனக்கு இப்போதே வாக்குக் கொடுக்கிறேன் மச்சான், என்னை எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்குச் சாயங்காலமும் பஸ் நாரியல் டிக்ரியில்தான் தங்கும்.

கூடப் பிறக்காத உறவு,
உன் மச்சான் சின்னையா
உன் வீட்டிலிருந்து